பச்சை வயர் இல்லாமல் கொல்லைக்கு லைன் இழுக்காதீர்கள்: வாஞ்சூர் வயர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழவாஞ்சூரிலும் வடக்கு வாஞ்சூரிலும், திருமலைராயன்பட்டினத்திலும், எல்லை தாண்டி நாகூரிலும் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு,

இந்த மடலை மின்துறைக்கு எழுதியிருக்கலாம். புதுச்சேரி மின்துறையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது என்று 2022-ல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது காரைக்கால் முழுக்க அந்தப் பேச்சுதான். ஆனால் துறை அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் போனாலும் அதன் கை மீட்டர் வரைக்கும்தான் நீளும். மீட்டருக்கு இந்தப் பக்கம் சுவருக்குள் என்ன போகிறது, சுவரைத் தாண்டிக் கொல்லைக்கு என்ன போகிறது என்பது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறதா என்பதோடு அவர் கவலை தீர்ந்தது. அந்த லைன் எப்படிப்பட்டது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் பேசவேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் நீங்கள் செய்யும் வேலையில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கட்டிய வீடுகளில் பைப் புதைத்து, டி.பி. வைத்து, ஏ.சி.க்குத் தனி லைன் இழுத்து, பச்சை வயரையும் கொண்டுபோய் முடித்திருக்கிறீர்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. பின்வாசலைத் தாண்டியதும் அதே கை ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

கொல்லையை ஒரு தரம் சுற்றி வந்தால் போதும். சமையலறை போர்டிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டே வயர் ஜன்னல் கம்பி வழியாக வெளியே வருகிறது. தென்னை மரத்தில் அடித்த ஆணியில் ஒரு சுற்று, அடுத்தது முருங்கைக் கிளை. குளியலறையின் ஆஸ்பெஸ்டாஸ் ஓரத்தை உரசிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் இறங்குகிறது. வழியில் ஓரிடத்தில் ஒட்டு. ஒட்டின் மேல் சுற்றிய இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டுப் பாதி பிரிந்து தொங்குகிறது. கொட்டகையில் யாரோ எப்போதோ வீட்டிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மரப்பலகை போர்டு. அதில் மூன்று துளை சாக்கெட். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே கிடையாது. சில வீடுகளில் வயர் இருக்கிறது. அது இருப்பது இன்னும் மோசம். அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த நிலைக்கு வீட்டுக்காரர் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “ஒரு பல்புதானே தம்பி, அதுக்கு எதுக்கு மூணு வயர்?” என்ற கேள்வியை நீங்கள் கேட்காத நாள் இருக்காது. அன்றைக்கு அது ஒரு பல்பு என்பதும் உண்மைதான். ஆறு மாதத்தில் அதே சாக்கெட்டில் ஒரு ஹெச்.பி. மோட்டார் செருகப்படும். அப்புறம் கிரைண்டர் வீட்டுக்குள் சத்தம் போடுகிறது என்று கொட்டகைக்குப் போகும். மீனவர் வீடென்றால் வலை வைக்கும் கொட்டகையில் ஒரு பழைய ஃப்ரீசர் வந்து உட்காரும். மழைக்காலத்தில் மாட்டுக்குக் கொசு கடிக்கிறதென்று ஃபேன். இரும்பு உடம்பு கொண்ட இத்தனை சாமானும் ஈரத்தரையில், வெறுங்காலோடு நடக்கும் ஆட்களுக்கு நடுவில், எர்த் இல்லாத ஒரு துளையை நம்பி நிற்கும். லைன் போட்டபோது நீங்கள் பார்த்தது பல்பை. அந்த லைன் கடைசிவரை சுமக்கப்போவது மற்ற எல்லாவற்றையும்.

இப்போது அந்த மேல் துளைக்கு வருவோம். வெளியில் யாரும் பேசாத, தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. பச்சை வயர் வரவில்லை. வீட்டுக்காரர் “மூணு பின்னும் வேலை செய்யணும்” என்கிறார். சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல வயரில் ஒரு லூப். சீரியல் டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துக் காட்டினால் பல்பு பளிச்சென்று எரிகிறது. “பாருங்க, எர்த் சூப்பரா இருக்கு.” வீட்டுக்காரருக்குத் திருப்தி, கூலி கைக்கு வந்துவிடும்.

அந்த இரண்டு அங்குல வயர் என்ன செய்கிறது என்று நிதானமாக யோசியுங்கள். மோட்டாரின் இரும்பு உடம்பை அது நியூட்ரலோடு கட்டிப்போடுகிறது. நியூட்ரல் முழுசாக இருக்கும் வரை எதுவும் தெரியாது. கம்பத்தில் நியூட்ரல் மட்டும் அறுந்து, ஃபேஸ் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏதோ ஒரு லைட் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால் போதும். ஃபேஸ் அந்த பல்பின் வழியாகவே வீட்டு நியூட்ரல் முழுவதுக்கும் பரவும். அங்கிருந்து லூப் வழியாக மோட்டார் உடம்புக்கு வந்து சேரும். மோட்டார் சுவிட்ச் ஆஃப் செய்திருந்தாலும் பயனில்லை. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை. நியூட்ரலும் எர்த்தும் எப்போதும் இணைந்தே இருக்கின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு. நியூட்ரல் அறுந்தால் வீட்டில் லைட் எரியாது. கரண்ட் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரைத் தொடுவதற்கு யாருக்குப் பயம்?

நியூட்ரல் அறுவது நம் கடற்கரையில் அபூர்வமா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனை பெரிய புயலெல்லாம் தேவையில்லை. ஐப்பசிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், சர்வீஸ் வயரில் ஒரு கம்பி அறுந்துவிடும். அலுமினியத்தோடு தாமிரத்தை வெறுமனே முறுக்கிவிட்ட ஒட்டு, உப்புக் காற்றில் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டு வருகிறது. ஒருநாள் அது தானே விட்டுவிடும். அறுவது ஃபேஸாக இருந்தால் இருட்டோடு போயிற்று. நியூட்ரலாக இருந்து, உள்ளே லூப்பும் இருந்தால், கொல்லையில் உள்ள எல்லா இரும்பும் 230 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும்.

லூப் அடித்த வீட்டில் ஆர்.சி.சி.பி. வைத்தாலும் முழுப் பிரயோஜனம் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தக் கருவி பார்ப்பது ஒன்றைத்தான்: ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? உடம்புக்கு ஷார்ட் ஆன கரண்ட் லூப் வழியாக நியூட்ரலிலேயே திரும்பினால் அதற்குக் கணக்குச் சரியாகத்தான் தெரியும். மூவாயிரம் ரூபாய் கருவியை இரண்டு அங்குல வயர் ஏமாற்றிவிடும்.

அடுத்தது இதைவிடப் பழைய வியாதி. கொட்டகை தூரம், நியூட்ரல் இழுக்க வயர் போதவில்லை, அல்லது போட்டிருந்த நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டது. அப்போதைக்கு ஒரு கம்பியைத் தரையில் அடித்து, அதையே நியூட்ரலாக்கி மோட்டாரை ஓட்டிவிடுவது. “எர்த்துல ஓடுது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு ஹெச்.பி. மோட்டாரை ஏறக்குறைய 40 ஓம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடித்த கம்பியின் எர்த் எதிர்ப்பு 20 ஓம். மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 75 வோல்ட், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அந்தக் கம்பியின் மேலும் அதைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலும் நிற்கும். கம்பி துருப்பிடித்து விட்டுப்போனால் முழு 230-ம் அதில்தான். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருப்பார்கள்.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஐந்தடி வரை தூரம். குளம்பு எப்போதும் சாணி ஈரத்தில். உடம்பின் எதிர்ப்பு மனிதரைவிடக் குறைவு. மண்ணில் பரவும் மின்னழுத்தம் நம் காலுக்கு உறைக்காத அளவில் இருக்கும்போதே மாட்டுக்கு உறைக்கும். மனிதர் தொடக்கூடிய அழுத்தத்துக்கு 50 வோல்ட் என்று எல்லை வைத்த சர்வதேச வயரிங் தரங்கள், கால்நடை நிற்கும் இடத்துக்கு அதை 25 வோல்ட்டாகப் பாதியாக்கியிருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் போக மறுக்கிற, கறக்கும்போது காரணமில்லாமல் உதைக்கிற மாட்டுக்கு மந்திரிக்கக் கூட்டிப்போகும் முன், தொட்டிப் பக்கத்தில் உள்ள மோட்டாரையும் அதன் எர்த்தையும் யாராவது ஒருவர் பார்க்கலாம்.

“எம்.சி.பி. போட்டிருக்கேனே, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகிடும்” என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். பல வயர்மேன்கள் இதை மனதார நம்பியும் சொல்கிறார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கொட்டகையில் எர்த் குழி இருக்கிறது, எதிர்ப்பு 20 ஓம். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த் 2 ஓம். மோட்டார் உடம்புக்கு ஃபேஸ் ஒட்டிவிட்டது. ஓடும் கரண்ட் 230-ஐ 22 ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. பத்தரை ஆம்பியரை நாள் முழுக்கத் தாங்கும். அதற்கு இது ஷார்ட் சர்க்யூட்டாகவே தெரியாது, கிரைண்டரும் அயர்ன்பாக்ஸும் ஓடுவது போலத்தான் இருக்கும். அத்தனை நேரமும் மோட்டார் உடம்பில் ஏறக்குறைய 209 வோல்ட் நிற்கும். குழியைச் செம்மையாகப் போட்டு 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் கரண்ட் 33 ஆம்பியர்தான். ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும். 33-க்கு அது சூடேறி விழுவதற்குள் பல விநாடிகள் போய்விடும். நனைந்த கைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. எம்.சி.பி. வயர் எரியாமல் காக்கிறது. ஆளைக் காக்க அதை யாரும் செய்யவில்லை.

ஆளைக் காக்க வந்தது வேறு கருவி. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மனதார முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்துக் கரண்ட்டை மெதுவாக ஏற்றி, எந்த அளவில் கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தவர். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் விரல்கள் தாமாகவே இறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஈரக்கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பின் எதிர்ப்பை ஆயிரம் ஓம் என்று வைத்தாலும் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1961-ல் அவர் செய்த கருவியின் இனத்தைச் சேர்ந்ததுதான் நாம் இன்று ஆர்.சி.சி.பி. என்று வாங்குவது. அமெரிக்கா அதை எங்கே முதலில் கட்டாயமாக்கியது என்று பாருங்கள். 1968-ல் நீச்சல்குளத்து விளக்குகள், 1973-ல் வீட்டுக்கு வெளியே உள்ள சாக்கெட்டுகள், 1978-ல் கார் கொட்டகை. ஈரமும் வெறுங்காலும் உள்ள இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள். நாம் தலைகீழ். ஆர்.சி.சி.பி. வைத்தால் ஹால் டி.பி.யில், கொட்டகை லைனை மட்டும் “அடிக்கடி ட்ரிப் ஆகுது” என்று அதற்கு முன்னாலிருந்தே பிரித்து எடுத்துக்கொண்டு போகிறோம்.

இதே அமெரிக்காவில் தனிக்கட்டடங்களுக்கு மூன்று வயரோடு போய், அங்கே நியூட்ரலையே மறுபடி எர்த்தோடு கட்டும் வழக்கம் விதிப்படியே நெடுங்காலம் இருந்தது. 2008 விதித்தொகுப்பில் புதிய வேலைகளுக்கு அதை நிறுத்தினார்கள். அதன்பின் கொட்டகைக்கு எர்த் வயர் தனியாகத்தான் போகவேண்டும். நியூட்ரல் அங்கே எர்த்தைத் தொடக் கூடாது. அவர்கள் ஊரில் விதியை எழுதியவர்களே திருத்திக்கொண்ட தவறு அது. இங்கே எந்த விதியும் சொல்லாமலேயே நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

ட்ரிப் ஆவதைப் பற்றிய புகாரை ஒதுக்கிவிட முடியாது; அது நிஜமான தொல்லைதான். மழை வந்தால் விழுகிறது, நடுராத்திரியில் விழுகிறது, வீட்டுக்காரர் உங்களுக்குத்தான் போன் போடுகிறார். ஆனால் அது ஏன் விழுகிறது? பெரும்பாலும் கொட்டகைக்குப் போகும் நியூட்ரலைக் கைக்குக் கிடைத்த இடத்தில் பிடித்திருப்பீர்கள். ஃபேஸ் ஒரு சர்க்யூட், நியூட்ரல் இன்னொரு சர்க்யூட், சில சமயம் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல். போனதும் வந்ததும் வேறு வேறு வழியானால் கருவி விழத்தான் செய்யும். இல்லையென்றால் மோட்டார் காயில் ஈரம் பிடித்து உடம்புக்குக் கசிகிறது. அப்படியானால் கருவி சொன்னது உண்மை. பொய் சொல்கிறதென்று அதை பைபாஸ் செய்பவர், நாய் குரைக்கிறதென்று அதை அவிழ்த்து விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறார். கொட்டகைக்கென்று தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டால் மோட்டார் கசிந்தாலும் வீட்டு லைட் அணையாது. போனும் வராது.

எர்த் குழிக்கு வருவோம். ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரம் பைப் எலக்ட்ரோடுக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் கேட்கிறது. கொல்லையில் அடிக்கப்படுவது மூன்றடிக் கம்பி, கட்டட வேலையில் மிஞ்சியது. அதன்மேல் உப்பும் கரியும் கொட்டி மூடுகிறீர்கள். கிழக்கே கடல், இரண்டு பக்கமும் கடலுக்குப் போகும் ஆறுகள், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். 2004 டிசம்பர் 26 அன்று கடலே வந்து போன மண் இது. இந்த மண்ணுக்கு உப்புப் போடத் தேவையில்லை. உப்புத்தண்ணீர் இருப்பதால் எர்த் எதிர்ப்பு இங்கே நன்றாகவே குறையும், அது லாபம். அதே உப்பு, ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்னும், அது நஷ்டம். மலையடிவாரத்து ஊரில் பல வருடம் கவலையில்லாமல் இருக்கும் குழி இங்கே அவ்வளவு தாங்காது. பெரும்பாலும் முதலில் போவது பைப்பும் அல்ல, பைப்பின் தலையில் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டு. மேலே சிமெண்ட் பூசி மூடிவிட்டால் அது போனது யாருக்கும் தெரியாது. தாமிரம் பூசிய ராடு அடியுங்கள். ஜி.ஐ. பைப்தான் கட்டுப்படியாகும் என்றால் முழு நீளத்துக்கு அடியுங்கள். எதுவானாலும் கிளாம்ப் கண்ணில் படும்படி ஒரு சின்னத் தொட்டி கட்டி மூடி போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், திறந்து பார்த்துச் சுரண்டி கிரீஸ் தடவ அது போதும்.

குழி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் செய்யும் சோதனையையும் விட்டுவிட முடியாது. நூறு வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைக்கிறீர்கள். எரிந்தால் எர்த் சரி. நூறு வாட் குண்டு பல்பின் எதிர்ப்பு எரியும்போது 529 ஓம். எர்த் குழியின் எதிர்ப்பு 50 ஓம் என்றாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். நூறு ஓம் என்ற மகா மட்டமான குழியிலும் 190-க்கு மேல். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த பல்பு எரிவது வயர் எங்கோ மண்ணைத் தொடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. டெஸ்டரின் நியான் வெளிச்சத்துக்கு அந்த மரியாதைகூட இல்லை. எர்த் டெஸ்டர் ஒன்று வேண்டும். ஆளுக்கொன்று வாங்க முடியாதுதான். ஊருக்கு ஒன்று, நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போக முடியாதா? டிரில்லிங் மெஷினை அப்படித்தானே எடுத்துப் போகிறீர்கள்.

கொடிக்கம்பியைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. சர்வீஸ் வயரைத் தாங்க ஜி.ஐ. கம்பி கட்டுகிறீர்கள், அது முறைதான். கொட்டகைக்குப் போகும் வயருக்கும் அதே போல் ஒரு கம்பி. அது தாழ்வாகப் போகிறது, பார்க்கத் துணி காயப்போடத் தோதாக இருக்கிறது, வீட்டுப் பெண்கள் ஈரப்புடவையைப் போடுகிறார்கள். காற்றில் வயர் கம்பியில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் தோல் கிழியும். தமிழ்நாட்டில் துணி காயப்போடப் போய் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள், அவர்களைப் பிடித்து இழுக்கப் போய் இறந்தவர்கள் என்று பத்திரிகையில் படிக்காத மழைக்காலம் இல்லை. இரண்டரை அடிப் பள்ளம் தோண்டி, மணல் பரப்பி ஆர்மர்டு கேபிளைப் புதைத்து, மேலே செங்கல் அடுக்குவது செலவுதான். ஆனால் கேபிளின் இரும்பு உறையை இரண்டு முனையிலும் கிளாண்டு போட்டு எர்த்தில் சேர்த்துவிட்டால் பல வருடம் திரும்பிப் பார்க்கவேண்டாம். அதற்கு வசதி இல்லாத வீட்டில் கை எட்டாத உயரத்தில் கொண்டுபோங்கள். இறங்கும்போது வீட்டுக்காரம்மாவிடம் நைலான் கயிறு ஒன்று வாங்கிக் கொடி கட்டச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பவர் இருந்தால், 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளட்டும். தேங்கிய மழைத்தண்ணீர், பக்கத்தில் மின்பெட்டி, கால் வைத்து இறந்துபோன இரண்டு சிறுமிகள். அது தெருவில் நடந்தது, பொறியாளர்கள் மேல் நடவடிக்கை வந்தது, ஊரே பேசியது. கொல்லையில் நடப்பதற்கு அந்தச் சத்தம் இருக்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தின் மின்வேலியில் மூன்று யானைகள் இறந்ததும், மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர் இழுத்த வயரால்தான். நம் டெல்டாவில் யானை இல்லை. ஆனால் எலிக்கும் பன்றிக்கும் வயலில் கம்பி கட்டச் சொல்லி மோட்டார் கொட்டகையிலிருந்து லைன் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உங்கள் பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுக் கணக்குகளில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல். அதில் கம்பத்தடியில் இறந்தவர் எத்தனை, கொல்லையில் இறந்தவர் எத்தனை என்று பிரித்துப் பார்க்காவிட்டாலும், உங்களுக்குத் தெரிந்த வீடுகள் இரண்டொன்று உங்கள் மனதில் வந்திருக்கும்.

“நான் செய்யலைன்னா இன்னொருத்தன் ஐந்நூறு ரூபா குறைச்சு செஞ்சுட்டுப் போவான்.” உங்கள் தரப்பில் இதுதான் கடைசி வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. வாஞ்சூர் இருக்கும் இடமே அப்படி. செக்போஸ்ட்டுக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே தமிழ்நாடு. இந்தப் பக்கத்துக்கு கோவா மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாட்டு ஆணையம். மது விலை மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது. வயர்மேன் மட்டும் இரண்டு பக்கமும் சைக்கிளிலும் பைக்கிலும் போய்வருகிறார். இரண்டு பக்கமும் 230 வோல்ட்டுதான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் வயரிங் நடக்கவேண்டும். கொல்லைக் கொட்டகைக்கு அந்த விதியை யாரும் வந்து பார்ப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், போட்டிக்கு வரும் அந்த இன்னொருவருக்கும் தெரியும்.

அதனால்தான் இந்த மடல் ஒருவருக்கு எழுதப்படாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதப்படுகிறது. ஒருவர் மட்டும் மறுத்தால் அவர் கூலிதான் போகும். நாகூர் அலங்கார வாசலிலிருந்து திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு வரை உள்ளவர்கள் சேர்ந்து மறுத்தால் வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை. இருபது மீட்டர் தூரமுள்ள கொட்டகைக்குக் கூடுதலாக ஒரு பச்சை வயர் இன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆர்.சி.சி.பி. இரண்டாயிரம், மூவாயிரம். மோட்டார் வாங்கியவருக்கு இது எட்டாத தொகை இல்லை. எதற்கென்று அவருக்குப் புரியும்படி யாரும் இதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வீட்டுக்குள் படிகிறதென்று தெருவில் இறங்கிக் கேட்கத் தெரிந்த ஊர் இது. அந்தத் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கொட்டகை போர்டின் மேல் படிந்திருப்பதை டார்ச் அடித்து ஒரு தரம் காட்டுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

ஆகவே இந்த மழைக்கு முன் உங்களிடம் கேட்பது இது. இனி எந்தக் கொல்லைக்கும், எவ்வளவு சின்னக் கொட்டகையானாலும், ஒரே ஒரு பல்பே ஆனாலும், ஃபேஸ், நியூட்ரலோடு பச்சை வயரும் சேர்ந்து போகாமல் லைன் இழுக்காதீர்கள். கொட்டகையில் தனி எர்த் அடித்தால் அதையும் வீட்டு எர்த்தையும் அந்தப் பச்சை வயரால் சேர்த்துவிடுங்கள். நியூட்ரலை அங்கே எதோடும் சேர்க்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத கொட்டகைக்கு வேலை முடிந்தது என்று கூலி வாங்காதீர்கள். வாங்கும்போது ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டி’ பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்க வீட்டில் உள்ள பையனுக்கோ பெண்ணுக்கோ காட்டிக் கொடுங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் சங்கடமானது. நீங்களே முன்பு லூப் அடித்து வைத்த சாக்கெட்டுகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வீடுகளுக்குப் போங்கள். காரணம் சொல்லவேண்டாம், “செக் பண்ண வந்தேன்” என்றால் போதும். மெயினை அணைத்து, போர்டைக் கழற்றி, அந்த இரண்டு அங்குல வயரை வெட்டி எடுத்துவிட்டு வாருங்கள். வந்த கையோடு, பச்சை வயர் வரும்வரை அந்த சாக்கெட்டில் பல்பைத் தவிர வேறெதையும் செருகவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.